நம்ம பக்கம் எல்லாம் சரி

தப்பு செய்கிறவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போவது தப்பே செய்யாத ஓர் இனத்தை. இதுவரை யாரும் பெயர் வைக்காத காரணத்தால் நானே இந்த இனத்துக்கு 'நம்மபக்கத்தார்' என்று வைத்துவிட்டேன். பெயர் பிடிக்கவில்லையென்றால் உங்கள் ரசனையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெயர் வைத்ததில் என் பக்கம் எந்தக் குறையும் இல்லை.

நம்மபக்கத்தாரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று மேல்வீட்டுக்காரர் காலி வாளியோடு இறங்கி வந்து நின்றால், பேசாமல் தம் சமையலறைக் குழாயைத் திறந்து காட்டி, "நம்ம பக்கம் நல்லாத்தானே வருது?" என்று கேட்பாரே, அவர்தான். கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்து சமையல்காரர் கையைப் பிசையும்போது, "நம்ம பக்கத்து ஆளுங்க சொன்ன கணக்குக்கு மேல ஒருத்தர்கூட வரலீங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது பந்தியிலும் உட்காருகிறவர் அவர்தான். தெருமுனையில் இரண்டு ஸ்கூட்டர்கள் முட்டிக்கொண்டால் இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே வசனம் வரும். அந்த இரண்டு பேருமே அவர்தான்.

ஒன்றை மட்டும் தவறாக நினைத்துவிடாதீர்கள். அவர் பொய் சொல்வதில்லை. பொய் சொல்கிறவரைச் சமாளித்துவிடலாம், என்றைக்காவது மாட்டுவார். இவர் பக்கம் நிஜமாகவே எல்லாம் சரியாக இருக்கும். சோதித்துப் பார்த்து, நிரூபித்து, கையோடு உங்களையும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் ஓய்வார். அதுதான் கஷ்டம்.

எல்லாத் தொழிலிலும் இவர் உண்டு என்றாலும் இவர் கொழுத்து வளர்வது கம்ப்யூட்டர் நெட்வொர்க் தொழிலில்தான். காரணம் எளிது. ஒரு கேபிளுக்கு இரண்டு முனை. ஒரு முனை நம்முடையது என்றால், கோளாறு குடியிருப்பதற்கென்றே இன்னொரு முனையைக் கடவுள் படைத்திருக்கிறார். வேறெந்தத் தொழிலில் இப்படி ஒரு வசதி உண்டு?

நான் மிக அருகில் இருந்து கவனித்த நம்மபக்கத்தாரின் பெயர் வாசுதேவன். எல்லோருக்கும் வாசு சார். திருச்சிக்காரர். ஹைடெக் சிட்டி பக்கம் மாதம் ஒரு கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்த இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டில், வாசு சாரின் ஓர் அறையைத் தவிர வேறெங்கும் கண்ணாடியே இல்லாத எங்கள் நிறுவனத்தில், அதாவது செகந்திராபாத் மாரெட்பள்ளியில் ஒரு பேக்கரிக்கு மேலே வாடகைக்கு எடுத்த இரண்டு மாடிகளில், நெட்வொர்க் முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது.

எங்கள் தொழில் விசித்திரமானது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததை எழுதச் சோம்பல்பட்டு, ஒரு கருவியில் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பேச்சு ஒலிக்கோப்புகளாகக் காலையில் எங்களுக்கு வந்து சேரும். ஹால் நிறையப் பெண்கள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு டைப் அடிப்பார்கள். அடித்ததை நான் திருத்துவேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் திரும்பி அமெரிக்கா போய்ச் சேர வேண்டும். டாக்டர் முணுமுணுப்பார், தும்முவார், நடுவில் மனைவியோடு சண்டை போடுவார். மருந்தின் பெயரை மட்டும் எங்கள் பெண்கள் தவற விடக் கூடாது.

அந்த ஹாலை ஆண்டவர் பியூலா மேடம். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்வாசிகளான தமிழ்க் குடும்பம், வீடு அல்வாலில். தமிழில் ஆரம்பித்து உருதுவில் திரும்பி ஆங்கிலத்தில் முடிக்கிற பேச்சு. டைப் அடித்த பெண்களில் பாதிப் பேர் அவர் சர்ச்சுக்கு வருகிறவர்கள், அவர் சொல்லை நம்பி வேலைக்கு வந்தவர்கள். கடைசியாக வந்தவள் எவாஞ்சலின். வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தாலும் காது அபாரம். இதயப் பிரிவில் ஒரு டாக்டர் எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுவார். அவர் மெல்லுவது எது, சொல்லுவது எது என்று பிரித்தறிய அந்த ஹாலில் அவள் ஒருத்தியால்தான் முடிந்தது. அவள் அப்பாவுக்குப் பட்டான்செருவில் வேலை போன பிறகு வீட்டில் வந்துகொண்டிருந்தது அவளுடைய சம்பளம் மட்டும்தான்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நாளில் பெட்டி வந்தது.

நோயாளிகளின் ரகசியம் வெளியே கசியக் கூடாது, அதற்கு ஒரு ஃபயர்வால் வைத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க மருத்துவமனை சொல்லிவிட்டது. முதலாளி ராமசுவாமி சார் பெருமூச்சு விட்டுக்கொண்டே வாங்கிப் போட்டார். வெளி உலகத்துக்கும் எங்கள் ஆபீசுக்கும் நடுவில் நின்று, யார் வரலாம், யார் வரக் கூடாது என்று பார்க்கிற கூர்க்கா வேலைதான் அதற்கு. ஆனால் வாசு சார் அதைப் பிரித்த விதத்தைப் பார்த்தால் திருப்பதியிலிருந்து உற்சவரே எழுந்தருளிவிட்டார் என்றுதான் நினைப்பீர்கள். கண்ணாடி அறைக்கு வெளியே எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும். "யாரும் தொடக் கூடாது" என்று ஆங்கிலம், தெலுங்கு, இந்தி மூன்றிலும் எழுதி ஒட்டினார். தமிழில் ஒட்டவில்லை, தமிழர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டார். ஆயுத பூஜை அப்போதுதான் முடிந்திருந்ததால், மிச்சமிருந்த குங்குமத்தை எடுத்துப் பெட்டியின் முகப்பில் ஒரு பொட்டும் வைத்தார். பொட்டுக்குக் கீழே பச்சை விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது.

பெட்டியின் முதுகில் மூன்று துவாரங்கள். ஒன்றில் வெளியே இருந்து வரும் இணைப்பு, ஒன்றில் ஆபீசுக்குள் போகும் இணைப்பு, மூன்றாவதில் கோப்புகள் இருக்கும் சர்வர். ஒவ்வொரு துவாரத்துக்கும் பெயர் வைத்து, விலாசம் கொடுத்து, என்ன வேகத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிவைக்க வேண்டும். பேசுவதில் இரண்டு விதம். 'ஃபுல்' என்று வைத்தால் கேபிளின் இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே கேட்கலாம். 'ஹாஃப்' என்று வைத்தால் ஒருவர் பேசி முடிக்கும் வரை இன்னொருவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் வேண்டாம், பெட்டிகளே ஒன்றையொன்று கேட்டு ஒத்துப்போகட்டும் என்று விடுவதற்கு 'ஆட்டோ' என்று பெயர்.

வாசு சாருக்கு ஆட்டோவைக் கண்டால் ஆகாது.

"ரெண்டு பெட்டியும் உக்காந்து பேசி முடிவெடுக்குமாம். அப்ப நான் எதுக்கு சார் இருக்கேன்? வேடிக்கை பாக்கவா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அறிக்கைகளில் கமா போடுகிற ஆள். அவர் மூன்று துவாரத்துக்கும் கையாலேயே 'நூறு, ஃபுல்' என்று வைத்துப் பூட்டிவிட்டு, விரலைச் சொடுக்கினார்.

மறுநாளிலிருந்து கோப்புகள் வரவில்லை.

வரவில்லை என்றால் அடியோடு நிற்கவில்லை. ஒன்றிரண்டு வரும். காலையில் சும்மா இருக்கும்போது வேகமாகக்கூட வரும். ஹாலில் எல்லோரும் வேலையை ஆரம்பித்து, ஒரு பக்கம் ஒலிக்கோப்பு இறங்கவும் மறுபக்கம் அடித்த அறிக்கை ஏறவும் தொடங்கியதும், மழைக்காலத்துப் பேரடைஸ் சந்திப்புப் போக்குவரத்து மாதிரி அப்படியே நின்றுபோகும். பெண்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பியூலா மேடம் கண்ணாடி அறை வாசலில் போய் நிற்பார்.

"வாசு சார், ஃபைல் வரல."

இங்கேதான் நம்மபக்கத்தாரின் சடங்கு தொடங்கும். கூர்ந்து கவனியுங்கள், உங்கள் ஊரிலும் இதே வரிசையில்தான் நடக்கும். முதலில் அவர் பதற மாட்டார். பதறினால் பாதிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. மெதுவாக எழுந்து, புகார் சொன்னவரையும் அழைத்துக்கொண்டு போய், விளக்கைக் காட்டுவார்.

"பச்சை எரியுதா?"

"எரியுது சார்."

"ம்ம்." அடுத்து திரையில் ஒரு கட்டளை தட்டி, எதிர்ப்பக்கத்துக்கு 'பிங்' அனுப்புவார். பிங் என்பது வேறொன்றுமில்லை, வாசலில் நின்று "இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பது. எதிர்ப்பக்கம் உடனே "இருக்கேன், இருக்கேன்" என்று பதில் சொல்லும். "பாத்தீங்களா? ஒண்ணுகூட விட்டுப்போகல. நம்ம பக்கம் கிளியர்."

"ஹவ், ஆமா சார், லைட் எரியுது, பிங் போகுது. ஃபைல் கைக்கு வரல?"

"அது அவங்க பக்கம் மேடம்."

அவங்க என்றால் யார்? எங்களுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுத்த நிறுவனம். அவர்களுடைய இன்ஜினியர் முகமது யூசுப், ஆம்பூர்க்காரர், பேகம்பேட்டையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வாசு சாருக்கும் தினம் போனில் நடந்த பேச்சை எல்லாம் எழுதினால் பக்கம் போதாது. ஒரே ஒரு நாளைய பேச்சைத் தருகிறேன், மற்ற நாட்களுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

"பாய், லைன் டவுனா?"

"லைன் பக்காவா இருக்கு சார். நேத்து ஆள் அனுப்பி எங்க ரவுட்டர்ல லேப்டாப்பை நேரா சொருகிப் பாத்தாச்சு. பறக்குது. நம்ம பக்கம் சுத்தம்."

"நம்ம பக்கமும் சுத்தம்தான் பாய். உள்ள ஒரு மெஷின்லேருந்து இன்னொண்ணுக்கு சினிமாவே காப்பி பண்ணிப் பாத்தேன். பறக்குது."

"அப்ப சரி சார்."

"சரி பாய்."

என்ன அழகு பார்த்தீர்களா? இரண்டு பக்கமும் பறக்கிறது. நடுவில் ஒன்றும் நகரவில்லை. நடுவில் என்றால் எவ்வளவு தூரம் என்று நினைக்கிறீர்கள்? அவர்களுடைய ரவுட்டர், அதாவது வெளி லைன் வந்து சேரும் பெட்டி, எங்கள் கண்ணாடி அறையிலேயே, அதே இரும்புச் சட்டத்தின் மேல் தட்டில் இருந்தது. எங்கள் ஃபயர்வால் கீழ்த் தட்டில். இரண்டையும் இணைத்தது ஒரு முழ நீலக் கேபிள். யூசுப் பாய் பேகம்பேட்டையிலிருந்தே மேல் தட்டை ஆட்டிவைப்பார். வாசு சார் கீழ்த் தட்டை. மல்லிகைப்பூவைக்கூட அதைவிடத் தாராளமாக முழம் போடுவார்கள்.

அந்தக் கேபிளையும் வாசு சார் சும்மா விடவில்லை. கழற்றி வேறு போட்டார். அதைக் கழற்றித் தாமே ஒன்று செய்து போட்டார். பிறகு ரோடு தோண்டுவதைக் குறை சொன்னார், மழையைக் குறை சொன்னார், ஹாலில் யாரோ கல்யாண போட்டோவை மெயிலில் திறந்ததைக் குறை சொன்னார். கீழே பேக்கரியில் மின் அடுப்பைப் போடும்போது கரன்ட் ஏறி இறங்குகிறது என்று ஒரு நாள் முழுவதும் பேக்கரிக்காரரோடு தெலுங்கில் சண்டை போட்டார். பேக்கரிக்காரர் ஒரு தட்டு பிஸ்கெட்டை நீட்டி, தம் பக்கம் எல்லாம் சரியாக இருப்பதாகத் தெலுங்கிலேயே சொன்னார்.

வாரங்கள் ஓடின. அறிக்கைகள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. ஒரு வியாழக்கிழமை மதியம் முதலாளி தம் அறைக்குக் கூப்பிட்டார். வாசு சாரை, பியூலா மேடத்தை, சாட்சிக்கு என்னை. மருத்துவமனையிலிருந்து ஓர் அம்மாள் போனில் பேசியிருந்தாள். வெள்ளிக்கிழமை வேலை நேரத்துக்குத் திரும்பி வரவில்லை என்றால் மொத்த வேலையும் மணிலாவுக்குப் போய்விடும். "போச்சுன்னா ஹாலைப் பூட்ட வேண்டியதுதான். கொஞ்சம் குறைஞ்சாலும் கடைசியா வந்தவங்கள்லேருந்து நிறுத்தணும்" என்றார் முதலாளி. கடைசியாக வந்தது யார் என்று அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். பியூலா மேடம் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

முதலாளி மேசைப் போனின் ஸ்பீக்கரைப் போட்டு யூசுப் பாயைப் பிடித்தார். வழக்கமான கச்சேரி ஆரம்பித்தது. நம்ம பக்கம் சுத்தம், எங்க பக்கம் பக்கா, விளக்கு, பிங், லேப்டாப். பியூலா மேடம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கேட்பதுதானே அவருக்குத் தொழில். வருஷக்கணக்காகப் பிறர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவது சட்டென்று அவர் காதில் விழும்.

"ஒரு நிமிஷம்" என்றார். "ரெண்டு பேரும் இத்தினி நாளா உங்க உங்க பக்கத்தையே சொல்லிட்டிருக்கீங்க. அடுத்த பக்கம் என்ன வச்சிருக்காங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

கேட்டிருக்கலாம்தான். நம்மபக்கத்தார் வாயிலிருந்து வராத ஒரே கேள்வி அது. எதிராளியிடம் "நீங்க என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டால், பதிலைக் கேட்க வேண்டிவரும். பதிலைக் கேட்டால், அதோடு நம்முடையதை ஒப்பிட வேண்டிவரும். எதற்கு வம்பு?

"பாய், அந்தக் கேபிள் சொருகற இடத்துல நீங்க என்ன வச்சிருக்கீங்க?" பியூலா மேடமே கேட்டார்.

"ஆட்டோ மேடம். எல்லாருக்கும் அதான். அதான் முறை."

"வாசு சார், நீங்க?"

"ஹன்ட்ரட் ஃபுல். கையால வச்சது. அதான் முறை."

போனில் பேச்சு நின்றது. அறையிலும் நின்றது. அந்த மௌனம் எனக்கு அப்போது புரியவில்லை; ரொம்ப நாள் கழித்து ஒரு இரானி ஓட்டலில் யூசுப் பாயே சொல்லித்தான் புரிந்தது. கையால் பூட்டிவைத்த பெட்டி, எப்படிப் பேசுவது என்பதைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆட்டோவில் இருக்கிற பெட்டி, "எப்படிப் பேசலாம்?" என்று கேட்டுக் கேட்டுப் பார்க்கும். பதிலே வராவிட்டால், எதற்கும் அடக்கமாக இருப்போம் என்று தானாகவே 'ஹாஃப்' ஆகிவிடும். ஒருவர் இடைவிடாமல் பேசிக்கொண்டே இருக்க, இன்னொருவர் அவர் நிறுத்தட்டும் என்று காத்திருக்க, பாதிப் பேச்சு மோதி உதிர்ந்துவிடும். விளக்கு எரியும். பிங் போகும். வேலை நடக்காது. இரண்டு பக்கமும் தனித்தனியே சரி. சேர்த்து வைத்தால்தான் தப்பு. இது தொழிலில் முதல் வருஷம் படிக்கிற பாடமாம். அந்த மௌனத்தில் இரண்டு பேருக்கும் அந்தப் பாடம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது.

நீங்களோ நானோ என்றால் என்ன செய்வோம்? "அடடா, ரெண்டுல ஒண்ணா வச்சிடுவோம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அப்படித்தானே? ஆனால் இவர்கள் நம்மைப் போன்றவர்கள் இல்லை. இரண்டு பேரும் ஒரே குரலில், "செக் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றார்கள்.

வாசு சார் கண்ணாடி அறைக்குள் போய், திரையைத் தோளால் மறைத்துக்கொண்டு, தாம் ஜன்மத்தில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். வெளித் துவாரத்தை ஆட்டோவுக்கு மாற்றினார். யாருக்கும் சொல்லவில்லை. அதே சமயம் பேகம்பேட்டையில் யூசுப் பாய் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவருடைய ரவுட்டரில் ஆட்டோவை எடுத்துவிட்டு 'நூறு, ஃபுல்' என்று வைத்தார். அவரும் யாருக்கும் சொல்லவில்லை.

புரிகிறதா? பழைய கோளாறு தலைகீழாக நின்றது.

வாசு சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "நான் ஒண்ணும் பண்ணல. அவங்க பக்கம் எதையோ சரி பண்ணிட்டாங்க போல. இப்ப பாருங்க." பார்த்தோம். நின்ற இடத்திலேயே நின்றது. அப்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன். கவலை இல்லை ஐயா அது, ஆனந்தம்! மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை என்றால், தப்பு தம்முடையது இல்லை என்றுதானே அர்த்தம்? நிம்மதியாக உள்ளே போய்ப் பழையபடியே 'ஃபுல்' என்று வைத்துவிட்டு வந்தார். பேகம்பேட்டையிலும் அதே ஆனந்தம். அங்கேயும் பழையபடி ஆட்டோ.

குறுகலான நடையில் எதிரெதிரே வருகிற இரண்டு பேர், வழிவிடுவதாக நினைத்து ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கி, நேருக்கு நேர் நிற்பார்களே, அன்று சாயங்காலம் வரை அது நடந்தது. மறுநாள் காலையிலும் நடந்தது. நடையில் என்றால் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார். இங்கே அவரவர் அறையில் தனித்தனியே ஒதுங்கிக்கொண்டிருந்ததால் யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம். காலைக் கோப்புகளில் பாதிகூட வந்து சேரவில்லை. பியூலா மேடம் கழுத்தில் ஹெட்ஃபோனும் காலில் செருப்புமாகக் கண்ணாடி அறைக்குள் நுழைந்தார். செருப்பைப் பார்த்து வாசு சார் வாயைத் திறப்பதற்குள், கையிலிருந்த செல்போனை ஸ்பீக்கரில் போட்டுக் குங்குமப் பொட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "பாய், லைன்லயே இருங்க. வாசு சார், நேத்து ஹன்ட்ரட் ஃபுல்னீங்க. இப்ப என்ன இருக்கு?"

"அதே... அதேதான் மேடம்."

"நக்கோ, வேணாம் சார். நான் பொழுதன்னிக்கும் டாக்டருங்க குரல் கேக்கறவ. மருந்து பேரு மறந்துட்டு இழுக்கற இழுப்பு எனக்குத் தெரியும். இப்ப நீங்க இழுத்தீங்க."

செல்போனுக்குள் யூசுப் பாய் லேசாகச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க பாய். காலைல நீங்களும் இதே இழுப்புதான் இழுத்தீங்க. ரெண்டு பேரும் முதல்ல கீபோர்டுலேருந்து கையை எடுங்க. எடுத்தாச்சா?"

வாசு சார் இரண்டு கையையும் மேலே தூக்கினார். "எடுத்தாச்சு மேடம்" என்றது போன்.

"பாய், இப்போ, இந்த நிமிஷம், உங்ககிட்ட என்ன இருக்கு?"

"...ஃபுல்."

"வாசு சார்?"

"...ஆட்டோ."

"சரி. ஒருத்தர் அப்படியே இருங்க, இன்னொருத்தர் மாத்துங்க. யாரு மாத்தறது?"

ஃபயர்வாலின் காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் மாத்தினா, நம்ம பக்கம்தான் தப்புன்னு ஆயிடும் மேடம்" என்றார் வாசு சார். உண்மையான வேதனையோடு சொன்னார்.

"எனக்கும் அதே கதைதான் மேடம்" என்றது போன்.

பியூலா மேடம் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். குரல் மட்டும் உயரவில்லை. "தப்புன்னு ஆனா என்ன சார்? தூக்குலயா போடுவாங்க? வெளிய அந்தப் பொண்ணு எவாஞ்சலின் காலைலேருந்து சும்மா ஹெட்ஃபோனை மாட்டிட்டு உக்காந்திருக்கா. கழட்டினா வேலை இல்லன்னு ஆயிடுமேன்னு கழட்ட மாட்டேங்கறா. நான் சொல்லித்தான் இங்க வந்தா. ஞாயித்துக்கிழமை அவ அம்மா சர்ச்சுல என் பக்கத்துலதான் உக்காருவாங்க. கேட்டா என்ன சொல்லட்டும்? எங்க பக்கம் எல்லாம் சரியா இருந்துச்சு ஆன்ட்டின்னு சொல்லட்டுமா?"

வாசு சார் கண்ணாடி வழியாக ஹாலைப் பார்த்தார். நம்மபக்கத்தாருக்கும் நெஞ்சு உண்டு. அதையும் அவர்கள் கையால் செட்டிங் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். பிறகு கையை இறக்கி, "முதல்ல இருந்ததையே திரும்ப வைக்கிறேன். இது மாத்தறது ஆகாது" என்று சொல்லிக்கொண்டே 'ஃபுல்' என்று வைத்தார். "நீங்க தொடாதீங்க பாய்."

"தொடல சார்."

வந்தது பாருங்கள்! மடை திறந்த மாதிரி ஒலிக்கோப்புகள் வந்து விழுந்தன. ஹால் முழுக்க விசைகளின் சத்தம். எவாஞ்சலின் காதில் டாக்டர் மென்றார், அவள் அடித்தாள். பெண்கள் சாப்பிடப் போகவில்லை. பேக்கரிக்காரர் பிஸ்கெட்டை மேலே அனுப்பினார். பொழுது சாயும்போது கடைசி அறிக்கையும் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை முதலாளி மறுபடி கூப்பிட்டார். அமெரிக்க அம்மாள் பாராட்டியிருந்தாள். வேலை மணிலாவுக்குப் போகாது. ஆனால் தாமதமான வாரங்களில் இதயப் பிரிவை மட்டும் வேறொருவருக்குப் பேசிவைத்துவிட்டார்களாம்; சொன்ன சொல்லை மாற்ற முடியாதாம்.

"சரி, தப்பு யார் பக்கம்?" என்று முதலாளி கேட்டார்.

"முதல் நாள் நான் வச்ச செட்டிங் எதுவோ, இன்னிக்கும் அதேதான் சார் இருக்கு. வேணும்னா வந்து பாருங்க" என்றார் வாசு சார். உண்மை.

"வியாழக்கிழமை மதியமே நான் சரியா வச்சாச்சு சார். அப்புறம் உங்க பக்கம்தான் மாறிடுச்சு" என்றார் போனில் யூசுப் பாய். அதுவும் உண்மை.

அமெரிக்க அம்மாள் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள், ஆகவே அவள் பக்கமும் சரி. முதலாளி கேட்ட பெட்டியை வாங்கிக் கொடுத்திருந்தார், அவர் பக்கமும் சரி. நான் வந்த அறிக்கையில் ஒரு கமாவையும் விடவில்லை. எல்லோருடைய பக்கமும் சரியாக இருந்தது. எவாஞ்சலினுக்கு மட்டும் திங்கட்கிழமையிலிருந்து வேலை இல்லை. ஹெட்ஃபோன் வயரை அழகாகச் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்தாராம். ஒன்றும் கேட்கவில்லையாம். பியூலா மேடம்தான் பொறுக்காமல், "எங்க பக்கம் தப்பு ஆன்ட்டி. முதல் வாரமே கேட்டிருக்கணும், கேக்கல" என்று சொன்னாராம். திங்கட்கிழமை இதை அவரே எங்களிடம் சொன்னபோது, வாசு சார் மிகவும் அனுதாபத்துடன் கேட்டுவிட்டு, "பாவம், அவங்க பக்கம் ஏதோ தப்பு நடந்திருக்கு போல" என்று என் காதில் சொன்னார்.

போகட்டும். வாசு சாரை விடுங்கள். இவ்வளவு நேரம் இதைப் படித்துக்கொண்டு வந்தீர்களே, நடுவில் எங்கேயோ ஒரு முகம் உங்கள் நினைவுக்கு வந்து, "அட, அப்படியே அவரேதான்!" என்று சிரித்தீர்கள் அல்லவா? உங்கள் மேலதிகாரியோ, மாமனாரோ, மச்சினரோ, எதிர்வீட்டுக்காரரோ, கட்டின கணவரோ மனைவியோ, யாரோ ஒருவர். இதை அவருக்குப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்திருப்பீர்கள். தாராளமாகக் கொடுங்கள். அவரும் படிப்பார், சிரிப்பார், அவருக்கும் ஒரு முகம் நினைவுக்கு வரும். அது யாருடைய முகம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

உங்கள் முகமே உங்கள் நினைவுக்கு வரவில்லைதானே? நல்லது. உங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.